சிட்டியின் மனத்தை மீட்டுத் தாருங்கள்: எந்திரன் உலகின் அடுத்த கதையை எழுதவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

‘எந்திரன்’ வரிசையில் அடுத்த படமொன்றை எழுதவும் இயக்கவும் தயாரிக்கவும் என்றேனும் முன்வரப்போகும் பெருமக்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒரு ரசிகன் எழுதும் மடல் இது. 2010 அக்டோபரில் வெளிவந்த ‘எந்திரன்’ படத்துக்கும் 2018 நவம்பரில் வெளிவந்த ‘2.0’ படத்துக்கும் இடையில் சிட்டி என்ற எந்திர மனிதப் பாத்திரம் தன் மனத்தைத் தொலைத்துவிட்டது என்பதே என் முறையீடு. உருவம் அதேதான், குரலும் அதேதான், நடித்தவரும் அவரேதான். ஆனால் முதல் படத்தில் ஒவ்வொரு செயலையும் ஒரு காரணத்தோடு செய்த சிட்டி, இரண்டாம் படத்தில் கதைக்கு எப்போது எது தேவையோ அப்போது அதைச் செய்கிறவனாக ஆகிவிட்டான். மூன்றாவதாக ஒரு படம் எழுதப்படுமானால், முதலில் அந்த மனத்தை மீட்டெடுத்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக் கேட்பது எங்கள் ஊரின் பழக்கம். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை அமைத்துப் படமெடுத்த ஊர் என்பதால் சினிமாவைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அதைவிட முக்கியமானது, சா. கணேசன் 1939இல் இங்கே தொடங்கிய கம்பன் கழகம். பங்குனியில் கம்பன் விழா வந்துவிட்டால் பாத்திரங்களின் மனத்தைப் பற்றியே ஊரெங்கும் பேச்சாக இருக்கும். தம்பியருள் உயர்ந்தவன் கும்பகருணனா வீடணனா என்று மேடையில் வாதம் நடக்கும்போது, கடைசி வரிசையில் முறுக்கு மென்றுகொண்டிருக்கும் ஆச்சிகூட ஒரு கட்சியில் இருப்பார். அண்ணன் செய்தது தவறு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே களம் புகுந்து மாண்டவன் கும்பகருணன். அறத்தின் பக்கம் நிற்பதற்காக உடன்பிறப்பையே விட்டு வந்தவன் வீடணன். இருவருடைய செயலுக்கும் வேண்டிய நியாயம் கதைக்குள்ளேயே இருப்பதால்தான் அந்த வழக்கு இன்னும் முடியாமல் இருக்கிறது. சிட்டியும் அப்படி வழக்காடத் தக்க பாத்திரம் என்று நான் மனமார நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

முதல் படம் சிட்டியை எப்படி வளர்த்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விஞ்ஞானி வசீகரன் அவனை உருவாக்கியது இந்திய இராணுவத்துக்காக. ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு சிறுகதையில் வகுத்துக் கொடுத்த மூன்று விதிகளில் முதலாவது, எந்திரன் மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்பது. போர்க்களத்துக்கென்றே செய்யப்படும் எந்திரனுக்குள் அந்த விதியை வைக்க வழியில்லை. ஆகவே சிட்டி பிறக்கும்போதே சொன்னதைச் செய்பவனாகவும், சொன்னது சரியா தவறா என்று அறியாதவனாகவும் பிறக்கிறான். வசீகரனின் ஆசானும் அவர்மேல் பொறாமை கொண்டவருமான பேராசிரியர் போரா கட்டளையிட்டதும், தன்னைப் படைத்தவரையே கத்தியால் குத்த அவன் தயங்காமல் கையை ஓங்குவது அதனால்தான். தீப்பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிவந்து ஊரார் முன்னும் கேமராக்கள் முன்னும் நிறுத்துவதும் அதனால்தான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை; அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். அவனுக்கு உணர்ச்சி வேண்டும் என்ற முடிவு அந்த மரணத்திலிருந்து பிறக்கிறது. உணர்ச்சி வந்த பின், புத்தகத்தில் படித்த மருத்துவத்தைக் கொண்டு வசீகரனின் காதலியான சனாவின் அக்காளுக்குப் பிரசவம் பார்க்கிறான். மகிழ்ச்சியில் சனா தரும் ஒரு முத்தம் அவனுக்குள் காதலாக மாறுகிறது. அவள் மறுத்ததும் மனமுடைந்து, இராணுவத்தார் முன் நடக்கும் சோதனையில் வேண்டுமென்றே தோற்கிறான். வசீகரன் ஆத்திரத்தில் அவனைத் துண்டுதுண்டாக வெட்டிப்போடுகிறார்.

இதுவரை, சிட்டியைக் கொலைகாரனாக்கிய சிவப்புச் சிப் கதைக்குள் வரவேயில்லை என்பதை தயவுசெய்து கவனியுங்கள். ஆசை, ஏமாற்றம், கீழ்ப்படியாமை எல்லாம் சிட்டிக்குத் தானாகவே வந்துவிட்டன. குப்பைமேட்டில் கிடந்தவனை எடுத்துப்போய்ப் போரா அந்தச் சிப்பைப் பொருத்துவது அதற்குப் பிறகுதான். அந்தச் சிப் அவனுக்குள் புதிதாக ஓர் ஆசையை நட்டுவிடவில்லை. ஏற்கெனவே இருந்த ஆசைக்கு இருந்த தடையை எடுத்துவிட்டது, அவ்வளவே. அவன் கடத்திப்போவது அதே சனாவைத்தான். பொருத்திய போராவையே அவன் கொன்றுவிடுகிறான், ஏனென்றால் எவருடைய கட்டளைக்கும் கட்டுப்படாமையே அந்தச் சிப்பின் தன்மை.

சிட்டி செய்த கொலைகளுக்காக வசீகரன் மீது வழக்கு நடக்கிறது. நீதிமன்றத்தில், சிப் அகற்றப்பட்ட சிட்டி, போரா அதைப் பொருத்திய காட்சியைப் போட்டுக் காட்டி வசீகரனைத் தூக்குத் தண்டனையிலிருந்து காப்பாற்றுகிறான். சட்டத்துக்கு அந்த விளக்கம் போதும். பிறகு தீர்ப்பின்படி, தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டு விடைபெறுகிறான். அதன் பின் படம் 2030க்குத் தாவுகிறது. அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிச் சிறுமி, இதை ஏன் பிரித்துவிட்டார்கள் என்று கேட்க, தான் சிந்திக்க ஆரம்பித்துவிட்டதாகச் சிட்டியே பதில் சொல்கிறான். நீதிமன்றத்தில் சிப்பைக் குற்றவாளியாக்கியவன், இருபதாண்டு கழித்து ஒரு குழந்தையிடம் தன் சிந்தனையே காரணம் என்கிறான். எது உண்மை? அன்று வசீகரனுக்காகப் பாதியை மட்டும் சொன்னானா? தமிழில் ஓர் எந்திரப் பாத்திரத்துக்கு எழுதப்பட்ட மிக ஆழமான இடம் அதுதான் என்பது என் கருத்து. அடுத்த படத்தின் கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே காத்திருந்தது.

‘2.0’ அந்தக் கேள்வியைத் தொடவில்லை. கைப்பேசிகள் பறந்துபோகின்றன, மனிதர்கள் கொல்லப்படுகிறார்கள், வசீகரன் சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கிறார். இறந்த பின்னும் ஓர் ஆற்றலாக உலவி இதையெல்லாம் செய்யும் பட்சிராஜன் வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொண்டதும், தன்னைப் படைத்தவர் மீது கைவைக்க மனமில்லாமல் சிட்டி சிதறடிக்கப்படுகிறான். அந்தத் தயக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்பு கத்தியை ஓங்கியவன் இப்போது ஓங்க மறுக்கிறான் என்பது உண்மையான வளர்ச்சி. ஆனால் அடுத்த நிமிடமே, வசீகரனின் உதவியாளரான பெண் எந்திரம் நிலா அவனை ஒன்றுசேர்த்து, பழைய சிவப்புச் சிப்பைப் பொருத்துகிறாள்; அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து நம் பக்கம் நின்று சண்டை போடுகிறான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், அந்தச் செவப்புச் சிப்பு வச்ச ஆளையே கொன்னுச்சே, இப்ப மட்டும் எப்படி நம்ம பேச்சைக் கேக்குது?” இதற்கு என்னிடம் பதில் இல்லை, படத்துக்குள்ளும் இல்லை. சிப் அன்று செய்தது தடையை நீக்குவது என்றால், இன்று நீங்கிய தடைக்குப் பின்னால் சிட்டி விரும்புவது என்ன? இன்னும் சனாவையா? பழிவாங்கலையா? மனிதர்களின் நலத்தையா? இவற்றுள் எதுவானாலும் நான் ஏற்றுக்கொள்வேன். எதுவுமே இல்லாமல் அந்தச் சிப்பை வெறும் பலமாக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. முதல் படத்தில் அதன் பொருட்டு மாண்ட காவலர்கள் அத்தனை பேருடைய சாவும் அந்த ஒரு காட்சியில் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறது.

இன்னொரு இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பட்சிராஜனுக்கு அந்தப் படத்தில் தெளிவான நோக்கம் உண்டு. பறவைகளை நேசித்த ஓர் ஆய்வாளர், கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் அவை மடிகின்றன என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்து, வழக்காடித் தோற்று, கடைசியில் கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். அன்பில் தொடங்கி, நிராகரிக்கப்பட்டு, அழிவில் போய் நின்ற மனம் அது. அப்படியே சிட்டியின் 2010ஆம் ஆண்டுக் கதையும்! நேசித்ததை இழந்து கொலைகாரனாக மாறுவது எப்படியிருக்கும் என்று உலகத்திலேயே அறிந்த ஒரே எந்திரன், அதே பாதையில் வந்த ஒரு மனிதனின் எதிரே நிற்கிறான். வசீகரனுக்குப் புரியாதது சிட்டிக்குப் புரிந்திருக்கும். காவல்துறையும் அமைச்சரும் சொல்ல முடியாததை அவனால் சொல்லியிருக்க முடியும். உணர்ச்சியால் தானும் இப்படித்தான் ஆனேன் என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால், அந்த மைதானச் சண்டை முழுவதும் வேறு பொருள் பெற்றிருக்கும். அதற்குப் பின்னும் பட்சிராஜன் மாறவில்லை என்றால், சிட்டி அடிக்கும் ஒவ்வொரு அடியும் அவனுக்கே வலித்திருக்கும். அந்த இருவரும் அப்படிப் பேசவேயில்லை. வரைகலைக்குச் செலவிட்ட உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய உருவங்களுக்கு நடுவே இரண்டு மனங்கள் சந்திக்காமலே பிரிந்துபோனது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே தடுமாற்றம் நடந்திருக்கிறது. ஜேம்ஸ் கேமரூனின் ‘டெர்மினேட்டர்’ 1984இல் வந்தபோது அந்த எந்திரம் கொல்ல வந்தது. 1991இல் வந்த இரண்டாம் படத்தில் அதே உருவம் காக்க வந்தது. எந்திரங்களை எதிர்த்துப் போராடும் மனிதர்களின் எதிர்காலத் தலைவரான ஜான் கானர் அதைப் பிடித்து நிரலை மாற்றி அனுப்பினார் என்று காரணம் சொல்லிவிட்டார்கள். அதன் பின் அந்த எந்திரம் சிறுவனான ஜானோடு பழகிப் பழகி, மனிதர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்வதைப் படிப்படியாகக் காட்டினார்கள். ஆகவே பக்கம் மாறியதை எவரும் குறை சொல்லவில்லை. 2009இல் வந்த படத்திலோ, ஜானின் தந்தையாகப் போகும் கைல் ரீஸ் யாரென்று தெரிந்தே அவனைச் சிறைபிடிக்கும் ஸ்கைநெட் என்ற எந்திரங்களை ஆளும் கணினி அறிவு, உடனே கொல்லாமல் தூண்டிலாக வைத்துக்கொள்கிறது. காலத்தைக் கடந்து கொலையாளியை அனுப்பிய அறிவுக்கு, கைக்குள் வந்தவனை முடிக்கத் தெரியவில்லையா? 2015இல் கதையைக் கலைத்து அடுக்கினார்கள். 2019இல், 1991க்குப் பின் வந்த படங்களை ஒதுக்கிவிட்டு, தொடக்கத்திலேயே ஜானைக் கொன்று இன்னொரு முறை தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய காரணங்களை அழித்ததால், ரசிகர்கள் எந்தக் காரணத்தையும் நம்பாதவர்களாகிவிட்டார்கள். நம் கதைக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. நமக்கு இரண்டே படங்கள்தான் ஆகியிருக்கின்றன.

எங்கள் பக்கத்து வட்டிக்கடைகளில் புதுக் கணக்கு எழுதும்போது, பழைய பேரேட்டில் நின்ற பாக்கியை முதலில் கொண்டுவந்து எழுதிய பிறகுதான் புது வரவு எழுதுவார்கள். கதைக்கும் அப்படி ஒரு பாக்கி நிற்கிறது. முதல் படம் 2030 என்று ஆண்டைக் குறித்தே சிட்டியை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டது. இரண்டாம் படத்தின் முடிவிலோ அவன் நிலாவின் மீது காதல் கொண்டவனாக உயிரோடு நிற்கிறான். இடையில் மறுபடியும் பிரிக்கப்பட்டானா, தானாகவே போய்ப் படுத்துக்கொண்டானா, அல்லது அந்தச் சிறுமிக்குப் பதில் சொன்னது முதல் படத்தில் அவன் தன்னைப் போலவே செய்துகொண்ட பிரதிகளுள் ஒன்றா? இதை இடைஞ்சலாக நினைத்து மூடி மறைக்க வேண்டாம். மூன்றாம் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் தேடினாலும் கிடைக்காது.

சிறிய குறைகளும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனா இரண்டாம் படத்தில் தொலைபேசிக் குரலாக மட்டுமே வருகிறார். ஓர் எந்திரனின் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட பெண்ணுக்கு அது போதாது. போராவின் மகன் பொறாமையால் பட்சிராஜனை விடுவிக்கிறான்; தந்தையைக் கொன்றவன் சிட்டிதான் என்ற வலுவான காரணம் கைவசம் இருக்கும்போது, அதற்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். நிலாவும் சிந்திக்கிறாள், முடிவெடுக்கிறாள், தடைசெய்யப்பட்ட ஒரு சிப்பைத் துணிந்து பொருத்துகிறாள். அப்படியானால் சிட்டிக்கு விதித்த தீர்ப்பு அவளுக்கு ஏன் பொருந்தவில்லை என்று எவரும் கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. எழுத்து மேசையில் உட்காரும்போது, புதிய எதிரி யார், எத்தனை எந்திரர்கள் ஒன்றுசேர்ந்து என்ன வடிவம் எடுப்பார்கள் என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், சிட்டி எதை விரும்புகிறான் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரி 2010ஆம் ஆண்டுப் படத்தோடு முரண்படுகிறதா என்று பாருங்கள். முரண்பட்டால், எப்போது, எதனால் மாறினான் என்பதை ஒரு காட்சியாகவே வையுங்கள், வசனத்தில் ஒப்பேற்றிவிடாதீர்கள். சிவப்புச் சிப்பை மீண்டும் பயன்படுத்துவதானால் அதற்கு ஒரு விலை இருக்கட்டும். அதைச் சிட்டியே கொடுக்கட்டும். அந்தக் கதை சரியாக அமைந்தால், கும்பகருணனுக்காகவும் வீடணனுக்காகவும் இத்தனை ஆண்டுகள் வாதாடிய இந்த ஊரில், சிட்டிக்காகவும் இரு கட்சி கட்டி வாதாட ஆள் உண்டு. எங்கள் மாணவர்களை நானே கூட்டி வருகிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்