உம்மாவின் நோன்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ரமலானில் ஒரு நாள், அசர் (மாலைநேரத்) தொழுகை முடித்து எழுந்த என் உம்மா சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முக்காடு வியர்வையில் நனைந்திருந்தது, கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலை நடுங்கியது. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 58. பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோனால், “நோன்பு திறக்கப் பாங்கு சொல்லட்டும்” என்று உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர் அவர். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று குர்ஆனே 2ஆம் அத்தியாயத்தில் (184, 185) கூறுகிறது. விட்ட நோன்பைக் குணமானபின் நோற்று, களா (ஈடு) செய்யலாம். தீராத நோய் என்றால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்ற பயமும் உம்மாவுக்கு இருந்தது. முறியாது என்றே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கூறுகிறார்கள்.

நான் சொன்னபோது கேட்காதவர், எங்கள் ஹஜ்ரத் (மார்க்க ஆசான்) வீட்டுக்கு வந்து சொன்னதும் ஏற்றுக்கொண்டார். இந்த ரமலானில் தினமும் ஒருவருக்குத் தன் கையாலேயே சோறாக்கிக் கொடுத்தனுப்பினார்.

ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாத ஜும்ஆ பயானிலேயே (வெள்ளிக்கிழமை உரையிலேயே) இமாம்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொன்னால் இன்னும் நல்லது.

ஒரு வாசகி,
காயல்பட்டினம்