காஞ்சனபுரிக்குத் தமிழ்க் கையேடு வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சென்னை.

பொருள்: தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மரண ரயில் தொடர்பான இடங்களுக்குச் செல்லும் தமிழர்களுக்குக் கையேடு வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் பாங்காக்கிலிருந்து ஒரு சுற்றுலாக் குழுவுடன் காஞ்சனபுரி போயிருந்தேன். எல்லோரும் க்வாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் பாலம் வழியே போகும் ரயில் பாதையைப் போட்டதில் தமிழர்களும் இருந்தார்கள் என்று சொன்னபோது கூட வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1942-43இல் ஜப்பானிய ராணுவம் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மரண ரயில் என்பது இதுதான். அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலரா பரவியபோது கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். போர்க்கைதிகளிடையே ராணுவ மருத்துவர்களும், இறந்தவர் பெயரைக் குறித்துவைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி யாரும் இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் முறையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கே மதிப்பீடுகள்தான் இருக்கின்றன.

ஆகவே, இந்த இடங்களை முறையாகப் பார்க்க உதவும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் துறை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே உள்ள தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் அங்கே சொல்கிறார்கள். அவசரப்படாமல் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். அப்புறம் தவோர்ன் வராராம் புத்தக் கோயில். தொழிலாளர்களை அடக்கம் செய்த இடமும், தமிழர்களுக்காக எழுப்பிய நடுகல்லும் அங்கேதான் உள்ளன. எங்கள் வண்டி அங்கே நிற்கவே இல்லை. தமிழர் ஒருவர் காஞ்சனபுரியில் ஓரிடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுநாளுக்கு ரயில் பயணம். ‘நாம் டோக்’ என்ற ஊர் வரை இன்றும் ரயில் ஓடுகிறது; ‘தாம் கிராசே’ என்ற இடத்தருகே ஆற்றோரப் பாறையை ஒட்டி, மரத்தூண்கள் மேல் மெதுவாக ஊர்ந்து போகிறது. நாம் டோக்கில் இறங்கி வண்டி பிடித்தால், உளியும் சுத்தியலும் வெடிமருந்தும் கொண்டு பாறையைப் பிளந்த ஹெல்ஃபயர் கணவாயைப் பார்த்துவிடலாம். ஏப்ரல் வெயிலில் வயதானவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் சிரமம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது என்பதையும் கையேட்டில் குறிப்பிடலாம்.

மலாயாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தா, பெரியப்பா பற்றிய நினைவு நம் ஊர்களில் சில குடும்பங்களிலாவது இன்னும் இருக்கும். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயர், ஊர், தோட்ட விவரங்களை எழுதி அனுப்ப, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் துறையின் முகவரியைத் தர வேண்டுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

சென்னை, திருச்சி, மதுரை விமான நிலையங்களில் கையேடு கிடைத்தால் பயணிகளுக்கு எளிதாகச் சேரும். அதை எழுதவும் சரிபார்க்கவும் ஊதியமின்றி உதவத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)