குந்தனிகா காபடியாவைப் பிரார்த்தனைப் புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் இந்திய மொழிகளின் பெண் எழுத்தாளர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குஜராத்திக்கும் இடம் கொடுத்திருந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் குந்தனிகா காபடியாவைப் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: 'பரம் சமீபே' என்ற பிரார்த்தனை நூலைத் தந்தவர், கவிஞர் மகரந்த் தவேயின் மனைவி, ஆசிரமத்தில் வாழ்ந்த அம்மையார். எல்லாம் உண்மைதான். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், குஜராத்திக் குடும்பங்களில் கணவன், மாமியார், மகன் என்று ஒருத்தரையும் விடாமல் கேள்வி கேட்ட ஒரு நாவலாசிரியர் அப்படியே காணாமல் போய்விடுகிறார். பல வருடமாக அகமதாபாத்தில் இருப்பவள் நான், அவரைக் குஜராத்தியிலேயே படித்தவள், அதனால்தான் இந்தக் கடிதம்.

'பரம் சமீபே' 1982இல் வந்தது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சாமி அலமாரியில் கீதைக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். நோயில் படுத்திருக்கும்போது, பிறந்த நாளில், மனம் உடைந்திருக்கும்போது என்று சாதாரண மனுஷர்களின் சாதாரண நாட்களுக்கான பிரார்த்தனைகள். நல்ல புத்தகம், அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே வீடுகளில் அவருடைய 'சாத் பக்லா ஆகாஷ்மா' நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மாறும். "அது குடும்பத்தைக் கலைக்கிற புத்தகம்" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

1984இல் வெளியான நாவல் அது. அடுத்த வருடமே சாகித்ய அகாதமி விருது. வானத்தில் ஏழு அடிகள் என்று பொருள், கல்யாணத்தில் வைக்கும் ஏழு அடிதான் தலைப்பில் இருக்கிறது. வசுதா என்ற பெண் வியோமேஷ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, வருடக்கணக்காக மற்றவர்கள் விருப்பப்படியே வாழ்கிறாள். வியோமேஷ் ஊரே திட்டுகிற கொடுமைக்காரன் இல்லை, எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு கணவன். நாவலின் பலமே அதுதான் என்பேன். கொடுமைக்காரக் கணவன் என்றால் 'நம்ம வீடு அப்படியில்லை' என்று படிப்பவர் தப்பித்துக்கொள்ளலாம், இங்கே அது முடியாது.

குஜராத்தி வீட்டில் சாப்பாடு நடக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ரோட்லியை, அதாவது அவர்கள் ஊர் மெல்லிய சப்பாத்தியை, மொத்தமாகச் சுட்டு அடுக்கி வைக்க மாட்டார்கள். ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட, வீட்டுப் பெண் அடுப்பு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சுட்டு, உப்பியதும் நெய் தடவித் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பாள். எல்லோரும் எழுந்த பிறகு அவள் சாப்பிடும்போது பருப்பு ஆறியிருக்கும். யாரும் அவளை நிற்கச் சொல்லி மிரட்டியதில்லை, ஆனால் உட்காரச் சொன்னதும் இல்லை. குந்தனிகா பேன் (குஜராத்தியில் 'சகோதரி' என்கிற மரியாதைச் சொல்) எழுதியது இந்த மாதிரிப் பெண்களைப் பற்றி, இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்து ஒரு ஆயுளையே தின்றுவிடுகிற விஷயங்களைப் பற்றி. கடைசியில் வசுதா வீட்டை விட்டுப் போகிறாள், இன்னொரு ஆணுக்காக இல்லை, தனக்காக. அதைத்தான் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாவலில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். வசுதா போய்ச் சேருகிற ஆனந்த்கிராம், அங்கே ஆணும் பெண்ணும் வேலையைச் சமமாகப் பங்கிட்டு வாழ்கிறார்கள், அந்தப் பகுதிகளில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாக இருக்கிறார்கள், அதிகமாகப் பேசவும் செய்கிறார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நாவல் வந்த மறு வருடமே, 1985இல், அவரும் மகரந்த் தவேயும் வல்சாடு பக்கம் வான்கல் கிராமத்துக்கு அருகே நந்திகிராம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள் (வங்காளத்து நந்திகிராம் இல்லை, இது தெற்கு குஜராத்). அங்கே ஆதிவாசி மக்களுக்கான பணிகளும் நடந்தன. அங்கிருந்தவர்கள் அவரை 'ஈஷாமா' என்று கூப்பிட்டார்கள். ஆக, உங்கள் கட்டுரை சொல்கிற ஆசிரமம் கோபத்தை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்த இடம் இல்லை. நாவலில் கேட்ட கேள்விக்கு வாழ்ந்து பார்த்த பதில் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

'கவிஞரின் மனைவி' என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் கல்யாணம் 1968இல், அப்போது குந்தனிகாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதற்கு முன்பே அவர் யார்? 1927இல் லிம்படியில் பிறந்தவர், பதினைந்து வயதில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்துகொண்டவர், பாவ்நகர் சாமல்தாஸ் கல்லூரியில் படித்து 1948இல் பட்டம் வாங்கியவர். 'ஜன்மபூமி' நாளிதழ் நடத்திய சிறுகதைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கித்தான் எழுத்துக்கு வந்தார். 'யாத்ரிக்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார், அப்புறம் 1962 முதல் 1980 வரை 'நவநீத்' ஆசிரியர். பதினெட்டு வருடம்! அந்தக் காலத்தில் ஒரு பெண் ஒரு மாத இதழை இவ்வளவு காலம் நடத்தியிருக்கிறார் என்பதை ஒரு பத்திரிகையே எழுதாமல் விட்டது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அவர் இறந்தது 2020 ஏப்ரல் 30, நந்திகிராமத்தில், 93 வயதில். ஊரடங்கு நேரம், எல்லாச் செய்தியும் கொரோனாவுக்குள் அமுங்கிப்போன நாட்கள்.

ஒரு வேண்டுகோள். அவருடைய 'ஜவா தைஷுங் தமனே' சிறுகதையை முறையாக அனுமதி வாங்கி, குஜராத்தியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி உங்கள் இணைப்பில் வெளியிடுங்கள். மரணப் படுக்கையில் ஒரு வயதான தாய், சுற்றிலும் குடும்பம், ஆனால் அவள் மனதைத் தெரிந்துகொள்கிறவள் வெளிநாட்டிலிருந்து வந்த கடைசி மருமகள். சின்னக் கதைதான், ஞாயிறு இணைப்பில் தாராளமாக அடங்கும். நாவலைப் படிக்க விரும்பும் வாசகர்களுக்கு 1994இல் பெங்குவின் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை குஜராத்தியைத் தொடும்போது தீருபேன் படேல், தொழுநோயாளிகளின் வாழ்க்கையை 'அன்சார்' நாவலில் எழுதிய வர்ஷா அடாலஜா, சிறுகதைக்கு ஹிமான்ஷி ஷேலத், இவர்களையும் விட்டுவிடாதீர்கள். தலைக்கு அரைப் பக்கமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மணிநகர், அகமதாபாத்