அங்கிருந்து 7 மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நேரத்துக்குத் தூங்கு.

இங்கே அண்ணன் வீட்டில் பொழுது போகவில்லை. குழந்தையின் உலக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். சுவரில் மாட்டிய படத்தில் இரண்டுக்கும் நடுவே வெறும் கடல்தான். உருண்டையில் நூலை இறுக்கியதும் அது தானாக வடக்கே ஏறி, அயர்லாந்தைத் தொட்டு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மேலாக உன் ஊரில் போய் இறங்கியது. அதுதான் குறுக்குவழியாம். 5,500 கிலோமீட்டர் சொச்சம்.

இங்கிருந்து உன்னிடம் வர 8 மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து இங்கே வர 7 போதும். பூமி சுற்றுவதால்தான் என்கிறாள் அம்மா. அதில்லை, பூமியோடு சேர்ந்து காற்றும்தானே சுற்றுகிறது. விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்று ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. நாங்கள் வந்தால் அது எதிர்க்காற்று. நீ வந்தால் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். குளிர்காலத்தில் இன்னும் வலு. 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் அதைப் பிடித்துக்கொண்டு 5 மணி நேரத்துக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அவசரமெல்லாம் நமக்கு வேண்டாம்.

உன் பதவி உயர்வைப் பற்றி அண்ணியின் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அண்ணன் மூலம்தான் எனக்கே தெரியும் என்பதைச் சொல்லவில்லை. வேலை வேலை என்று கிடக்காதே. நேரத்துக்குத் தூங்கு.

அப்பத்தா கடைசியாகப் படுத்திருந்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன் அல்லவா. நான் லீவே கேட்கவில்லை, பாப்பா. ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது ஊர். அந்த நிலத்து விவகாரத்தில் எனக்கு வீம்பு. அவர்களே கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டார்கள், ஆனால் அது வேறு சேதி சொல்ல. இது அம்மாவுக்கும் தெரியாது.

அன்றைக்கு போனில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

சரி. இரண்டு ஊருக்கும் 5 மணி நேர வித்தியாசம். ராத்திரி 9 மணிக்கு அங்கே ஏறினால் 7 மணி நேரம்தான் பறப்பாய், இங்கே இறங்கும்போது கடிகாரம் காலை 9 காட்டும். அரை ராத்திரியைக் காணோம் என்று பயப்படாதே. விமானத்தில் குளிரும், ஸ்வெட்டரைக் கையிலேயே வைத்துக்கொள். நாங்கள் 28ஆம் தேதி கிளம்புகிறோம்.

அண்ணனுக்கு வேலை நாளாக இருந்தாலும் கவலையில்லை. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ரயிலிலேயே போய்விடலாம், எனக்கு வழி தெரியும். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா