முதல் மாதச் செலவுக்கு யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்வி உதவித்தொகை பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழில் வரிசையாக வருகின்றன. மகிழ்ச்சிதான். நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை, 2010 முதல் ‘விதை’ திட்டத்தில் மாணவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்களை அனுப்பிப் பார்த்துத் தேர்வு செய்கிறது. ஓலைக் குடிசையை வருமானச் சான்றிதழ் காட்டாது. நேரில் போனால்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை நான். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு உள்ளூர் அறக்கட்டளை ஒன்று கல்லூரிக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அப்புறம்தான் விடுதி முன்பணம், பாய், வாளி, பஸ் சார்ஜ் எல்லாம் வரிசைகட்டி வந்தன. உதவித்தொகை கைக்கு வந்தது அக்டோபரில். அதற்குள் அவள் அம்மா காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது.

அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் அதுவும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதானே!

மேடை போட்டு, பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்கும் செலவை மிச்சம் பிடித்து, சேர்க்கை நாளன்றே 5,000 ரூபாயாவது கையில் கொடுங்கள் என்று அறக்கட்டளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்