மாவை ரொம்பக் கிளறாதே, கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செந்தூரா முடிந்துவிட்டது, பெங்களூரா மாங்காய் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. தக்காளி இந்தத் தடவையும் நம்மைக் கைவிட்டுவிட்டது. ஃபோனில் பேசலாமென்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், இந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் தபாலில் போடுகிறேன், உன் பேருக்கு மட்டும்.

நீ அனுப்பிய பான்கேக் போட்டோவை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவிடம்கூடக் காட்டினேன். சின்ன வயசில் டீ போடக்கூடத் தெரியாத பெண், டொராண்டோவில் தனியாக அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பெருமைதான். போன வருஷம் அனுப்பிய போட்டோவில் இரண்டு தட்டு இருந்தது. இதில் ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி.

தட்டையாக, ரப்பர் மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தாய். நானே மூன்று ஞாயிறு செய்து பார்த்துவிட்டேன். நீ மாவை அடித்துக் கலக்குகிறாய், அதுதான் தப்பு. புரோட்டாவுக்கு மைதாவை எதற்கு அந்த அடி அடித்துப் பிசைகிறார்கள்? இழுவை வரத்தானே. ஈரம் பட்டுக் கிளறக் கிளற அதிலிருக்கும் குளூட்டன் இழை இழையாகக் கட்டிக்கொள்ளும். புரோட்டாவுக்கு அது வேண்டும், பான்கேக்குக்கு ஆகாது. மாவு, சர்க்கரை, உப்பு, சோடா எல்லாவற்றையும் ஈரமில்லாமல் முதலில் கலந்து வை. முட்டை, மோர், உருக்கிய வெண்ணெயைத் தனியாக அடி. இரண்டையும் சேர்த்துப் பத்துத் தடவை புரட்டு, போதும். கட்டி கட்டியாக நிற்கும், உனக்கு மனசு கேட்காது. இருக்கட்டும், விட்டுவிடு. கிளறாதே.

மோரின் புளிப்புதான் சோடாவைப் பொங்கவைக்கிறது. கலந்ததுமே நுரை கிளம்பிவிடும், அப்போதே ஊற்ற வேண்டும். நீ ஃபோன் வந்தது என்று போய்விடுவாய். வெறும் பாலில் செய்தால் பேக்கிங் பவுடர் போடு, புளிப்பு அதிலேயே சேர்ந்திருக்கிறது. ஒரு தம்ளர் மாவுக்குச் சோடா அரை டீஸ்பூனைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சோப்பு மாதிரி கசக்கும். கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓட வேண்டும், அப்புறம் தீயைக் குறை. தோசைக்குத் தேய்க்கிற மாதிரி வெங்காயத்தைத் தேய்த்துவிடாதே, இனிப்பில் அந்த வாடை நிற்கும். ஊற்றிய மாவைக் கரண்டியால் பரப்பாதே. மேலே குமிழி உடைந்து, அந்த ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால் திருப்பு. திருப்பியதை அமுக்காதே, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும்.

ஒரு தம்ளர் மாவுக்கு ஆறு வருகிறது. ஆறையும் நீ ஒருத்தியே சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளைக்கு இனிப்பென்றால் உயிராயிற்றே.

நீ கொடுத்தனுப்பிய மேப்பிள் பாகு இன்னும் கால் பாட்டில் இருக்கிறது. 40 லிட்டர் மரச்சாறு வற்றினால்தான் 1 லிட்டர் பாகு என்று நீ சொன்னதை ஆயா கடைசிவரை நம்பவில்லை. கொப்பரையில் கரும்புச்சாறு காய்ச்சுவதைப் பார்த்தே வளர்ந்தவர். கரும்பில் எவ்வளவோ இனிப்பு கூட, இத்தனை விறகு எரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தப் பாகு நன்றாகத்தான் இருக்கிறது. ராகி மாவில் சுட்டு இதை ஊற்றிச் சாப்பிட்டுப் பார். ராகியை மட்டும் போட்டால் திருப்பும்போது உடையும், அதில் குளூட்டன் கிடையாது. பாதி கோதுமை மாவு சேர். ஆயாவின் வெல்ல தோசையும் அந்தப் பக்குவம்தான்.

அன்றைக்கும் வெல்ல தோசைதான் சுட்டேன். நீ சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூரிலிருந்து பஸ் மாறி மாறி, ராத்திரி நேரத்தில் பாலக்கோட்டில் வந்து இறங்கினாயே, அன்றைக்கு. ஒரே ஒரு தோள்பை. "அம்மா, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா?" என்றாய். "முதலில் சாப்பிடு, ஆறிப்போகும்" என்றேன். தோசைத் துண்டை நாலாக மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய். வெல்லம் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. வாயில் வைக்கவில்லை. நான் பார்த்தேன், கண்ணு. பார்க்காதவள் மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அடுத்த தோசையைத் திருப்பினேன். ஆடி மாசம்கூட இல்லையே, கல்யாணமான பெண் ஏன் வந்திருக்கிறாள் என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அப்போது என் மனசில் ஓடியது. விடிகாலை முதல் பஸ்ஸில் அப்பாவோடு உன்னை ஏற்றிவிட்டேன். பையில் தோசையும் கட்டிக் கொடுத்தேன், அதோடு என் கடமை முடிந்தது என்று.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று இந்த நாலு வருஷத்தில் நான் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்கவில்லை. நீயும் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்கிறாய். அந்த வார்த்தையை உனக்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

மேல் அறையில் போட்டிருந்த வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டோம். வெள்ளை அடித்தாகிவிட்டது. எதற்கு என்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வாரம் அவராகவே தர்மபுரி போய் ஒரு ஃபேன் வாங்கிவந்து மாட்டினார்.

நான் 4 மணிக்கே எழுந்துவிடுகிறேன். அப்போது உனக்கு முந்தின நாள் சாயங்காலம் 6.30. அப்பா 6 மணி வரை தூங்குவார். ஸ்பீக்கரில் போடாமல் கூப்பிடு. எதையும் சொல்ல மனசு வரவில்லை என்றால் மாவு எப்படி வந்தது என்று சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பிடாமல் படுக்காதே.

அம்மா