டியூப் ஆறு மாதம் வந்தால் என்ன அர்த்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் வெயிலில் இருந்து முகத்தைக் காப்பது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. தக்காளிச் சாறு, தயிர், முல்தானி மட்டி என்று முக்கால் பக்கத்துக்குச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் "தரமான சன்ஸ்கிரீன் பயன்படுத்தவும்" என்று முடித்துவிட்டார்கள். தரமானது என்றால் எது, என்ன விலை, எவ்வளவு பூசணும்? எங்களைப் போன்றவர்களுக்கு அதுதானே வேணும். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர்க்காரி, வயது 44, இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி என்று ஸ்கூட்டியில் ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் ஓடுகிறவள். மூன்று வருடம் முன்னால் இரண்டு கன்னத்திலும் மங்கு விழ ஆரம்பித்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் போனில் பார்த்துவிட்டு, "அத்தை, இதைப் போடுங்க" என்று ஒரு வெளிநாட்டு சன்ஸ்கிரீனை ஆன்லைனில் போட்டுக் கொடுத்தாள். 30 கிராம், 1,350 ரூபாய். அந்த விலையைப் பார்த்த பிறகு கை எப்படி வரும்? நெற்றியில் ஒரு பொட்டு, மூக்கில் ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஆளுக்கு ஒன்று, தாடையில் ஒன்று, அவ்வளவுதான். ஆறு மாதம் ஓட்டினேன். மங்கு குறையவில்லை, கூடத்தான் செய்தது.

அப்புறம் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா கிரீமின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஒரு டியூப் எத்தனை நாள் வருது?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாசம் என்றேன், பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். "ஆறு மாசம் வருதுன்னா நீங்க பூசவே இல்லைன்னு அர்த்தம்மா" என்றார்.

வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் எப்படி வருகிறது என்று அவர்தான் சொன்னார். சோதனை செய்யும்போது தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளக்கிறார்களாம். அதே கனத்துக்கு நாமும் பூசினால்தான் அந்த எண் நமக்குக் கிடைக்கும். முகம் மட்டும் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 கிராம் ஆகிறது. வீட்டில் அளக்கச் சுலபமான வழி, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை நீளமாகப் பிழிந்துகொள்வது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் தம்பி நகைப் பட்டறை வைத்திருக்கிறான், அவனிடம் பொன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, மில்லிகிராம் வரை காட்டும். டியூபை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய்விட்டேன். "என்னக்கா, தங்கம் நிறுக்கற தராசுல கிரீமா?" என்று சிரித்தான். முதலில் நான் தினமும் பூசுகிற அந்த ஐந்து பொட்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் வைத்து நிறுத்தோம். 0.16 கிராம். அடுத்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து நிறுத்தோம். 1.23 கிராம். ஆறு மாதமாக நான் பூசியது வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. கால் பங்கு பூசினால் 50 என்று போட்ட கிரீம் பன்னிரண்டு பதிமூன்றுக்கோ, அதற்கும் கீழேயோ இறங்கிவிடும்.

தம்பி பட்டறைக் கால்குலேட்டரிலேயே கணக்குப் போட்டோம். வெளிநாட்டுக் கிரீம் கிராம் 45 ரூபாய், ஒரு தடவை பூச 54 ரூபாய். டாக்டர் எழுதிக்கொடுத்த உள்ளூர்க் கிரீம் 50 கிராம் 380 ரூபாய், கிராம் 7 ரூபாய் 60 காசு, ஒரு தடவைக்கு 9 ரூபாய் சொச்சம். பஸ் ஸ்டாண்டு டீயை விடக் குறைவு. அன்றிலிருந்து நான் டியூபின் விலையைப் பார்ப்பதே இல்லை, கிராம் விலையைத்தான் பார்க்கிறேன். கையைக் கட்டாமல் பிழிய முடிகிற விலையில் இருப்பதுதான் நல்ல சன்ஸ்கிரீன். இதை உங்கள் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேருக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

விலை கூடினால் தரம் கூடும் என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று. 2025 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவில் சாய்ஸ் என்கிற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைக் கடையில் வாங்கிச் சோதித்தது. 16 டியூபுகள் தாங்கள் போட்ட எண்ணை எட்டவில்லை. அதில் 50-க்கு மேல் என்று போட்டிருந்த ஒன்று வெறும் 4-ல் நின்றது, அது மலிவுச் சரக்கும் கிடையாது, 50 டாலருக்கு மேல் விலை. தோல் புற்றுநோய்க்குப் பயந்து சன்ஸ்கிரீனை மருந்து மாதிரி கட்டுப்படுத்தும் நாட்டிலேயே இந்தக் கதி. இங்கே சட்டப்படி அது அழகுசாதனப் பொருள்தான். நம் பத்திரிகைகள் சேர்ந்து பத்து டியூப் வாங்கி ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் என்ன?

எண்களைப் பற்றியும் கொஞ்சம். எஸ்பிஎஃப் 15 சுமார் 93 சதவீதம் தடுக்கிறது, 30 சுமார் 97, 50 சுமார் 98. அதனால் 100 என்று போட்டதைப் பார்த்து இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை, 30-லிருந்து 50-க்குள் எதுவும் போதும். ஆனால் அந்த எண் பெரும்பாலும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத்தான் கணக்கில் எடுக்கிறது, தோலைச் சிவக்க வைத்து எரிய வைக்கிற கதிர் அது. நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களுக்கு எரிச்சலை விடக் கருமையும் மங்கும்தான் தொல்லை, அதில் யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு. அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டியது பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கிற பிளஸ் குறிகளை. ஜப்பான்காரர்கள் 1996-ல் கொண்டுவந்த முறை, முதலில் மூன்று பிளஸ் வரைதான் இருந்தது, 2013-லிருந்து நான்கு. குறைந்தது மூன்று பிளஸ் இருக்கட்டும். பிளஸ் குறி இல்லாவிட்டால், இரண்டு கதிரையும் தடுக்கும் என்பதற்கு பிராட் ஸ்பெக்ட்ரம் என்றாவது போட்டிருக்கணும்.

இந்த யுவிஏ சாதாரணக் கண்ணாடியில் நுழைந்து வந்துவிடும். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுத்தான் ஓட்டுவார், ஆனாலும் ஜன்னல் பக்கத்து வலது முன்கை இடது கையை விட ஒரு சாயல் கறுப்பு. முன்பக்கக் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, அது யுவிஏவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பக்கவாட்டுக் கண்ணாடி அப்படி இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும் காலேஜ் பிள்ளைகள் கவனிக்கவும்.

என்ன வகை வாங்குவது என்றால், முகத்துக்கு ஒத்துக்கொள்வதை வாங்குங்கள். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு சேர்ந்தது எரிச்சல் தராது, மென்மையான தோலுக்கு நல்லது, ஆனால் நம் நிறத்தில் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரியும். நான் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு போனேன், ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பாட்டி "ஏம்மா, முகத்துல திருநீறா?" என்று கேட்டார். மங்கு இருப்பவர்களுக்கு அதிலேயே தோல் நிறத்தில் சாயம் கலந்தது வருகிறது, அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டுமாம். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வகை. வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் போய் எரிந்தால் அந்த டியூபைக் கைக்கும் கழுத்துக்கும் வைத்துக்கொண்டு முகத்துக்கு வேறு பாருங்கள். மாய்ஸ்சரைசரோடு குழைத்துப் பூசாதீர்கள், நீர்த்துப்போகும், ஒன்று காய்ந்த பிறகு மேலே மற்றது. டியூபை வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். நான் ஒன்றைப் பாழாக்கினேன், திறந்தால் தண்ணி தனி, கிரீம் தனி.

வெளியே சுற்றுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசணும் என்பது விதி. சொல்வது எளிது. மதியம் சாப்பிட உட்காரும் இடத்தில் முகம் கழுவித் துடைத்து ஒரு தடவை பூசுகிறேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு தடவை பூசினால் 50 கிராம் இருபது நாள்தான் வரும், மாதம் 570 ரூபாய். அதுவும் எல்லாராலும் முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கிரீம் கடைசியில்தான். முழுக்கை, ஹெல்மெட் முன்கண்ணாடியை இறக்கி விடுவது, துப்பட்டா, குடை, இதெல்லாம் ஒரு முறை வாங்கினால் வருடக்கணக்கில் வரும். குடையிலும் கறுப்புக் குடைதான் நன்றாகத் தடுக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை முடிந்த மட்டும் உள்ளே இருக்கிற மாதிரி என் வசூலை மாற்றி வைத்திருக்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் போய் பிஏ பிளஸ் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேலை நேரத்தை மாற்றுவதும் நிழல் பந்தலும்தான் சன்ஸ்கிரீன்.

சன்ஸ்கிரீன் யாரையும் வெள்ளையாக்காது, இருக்கிற நிறம் மேலும் கருக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெள்ளையாகணும் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கிப் பூசி, நிறுத்தினதும் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்து எரிந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை 2018-லேயே மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சட்டம் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடையும் இருக்கிறது.

வரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து டால்கம் பவுடருக்கும் ஃபேஸ் பவுடருக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சன்ஸ்கிரீன் அப்படியே 18-ல் நிற்கிறது. 380 ரூபாய் டியூபில் 58 ரூபாய் வரி. பவுடரைப் போல இதையும் 5-க்குக் கொண்டுவந்தால் டியூபுக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் குறையும். வெயிலில் வேலை பார்க்கிறவர்கள் வாங்கும் பொருளை இன்னும் ஆடம்பரம் மாதிரி நடத்தினால் எப்படி?

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. தினமும் "இத்தனை ஊர்களில் வெயில் சதமடித்தது" என்று போடுகிறீர்கள். அது வெப்பம். தோலைக் கருக்குவது வேறு, அதற்குப் புற ஊதாக் குறியீடு என்று தனியாக ஒரு எண் இருக்கிறது. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 11-ஐத் தொட்டால் உச்சம், நம் பக்கம் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு வெயிலே உறைக்காது, ஆனால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அதேபோல அக்னி நட்சத்திரம் முடிந்ததும் நாம் டியூபை மூடி வைத்துவிடுகிறோம். எங்கள் விருதுநகருக்குச் சூரியன் உச்சி மண்டைக்கு நேரே வருவது சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு தடவை, மறுபடியும் ஆவணியில் ஒரு தடவை. ஆவணியில் யார் பூசுகிறோம்?

தங்கம் விலை போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணுக்கும் ஒரு சின்ன இடம் கொடுங்கள். காலையில் கிளம்பும் முன் தங்கம் விலையைப் பார்க்கிற பழக்கம் தம்பியால் எனக்கும் வந்துவிட்டது, அப்படியே இதையும் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
விருதுநகர்.